பழங்காசுக்குச் சாட்சி யார்?

தரச்சான்று பெற்ற நாணயங்களை நம்பி வாங்கலாமா? மலையக வீடுகளில் இருக்கும் வெள்ளி ரூபாவுக்கு அந்தச் சான்று தேவையா?

வெள்ளிக் காசின் மேல் சந்தேகம் வந்தால் கண்டி இராச்சியத்தில் அதை நெருப்பில் இட்டார்கள். காசு செக்கச் சிவக்கப் பழுத்ததும் தண்ணீரில் போட்டார்கள். தூய வெண்மையாக வெளியே வந்தால் அது செல்லும். இல்லையென்றால் யாரும் வாங்க மாட்டார்கள். 1660 முதல் 1679 வரை மலைநாட்டில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681-இல் லண்டனில் அச்சான தம் நூலில் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். தூண்டில் முள்ளைப் போல வளைந்த அந்த வெள்ளிக் காசை மன்னரின் அனுமதியோடு எவரும் செய்யலாம், விரும்பிய அடையாளத்தை அதில் பதிக்கலாம். ஆகவே காசின் மேல் இருந்த முத்திரை எதற்கும் உத்தரவாதமாகவில்லை. கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் சாராத மூன்றாவது சாட்சியாக நெருப்பு இருந்தது.

அதே காசு இன்று சேகரிப்பாளர்களின் சந்தைக்கு வருகிறது. கூடவே பழைய இந்திய வெள்ளி ரூபா, விக்டோரியா காலத்துச் செப்புச் சதம், கோப்பி ஆலைகளின் வில்லைகள், தங்கப் பவுண் எல்லாம் வருகின்றன. சிலவற்றை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் அடைத்து, மேலே ஓர் எண்ணும் சான்றிதழ் இலக்கமும் போட்டு விற்கிறார்கள். அந்த உறைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா என்பது வாங்குபவரின் கேள்வி. உறை இல்லாததால் தன் காசு அடிமாட்டு விலைக்குப் போகிறதா என்பது விற்பவரின் கேள்வி. இரண்டுக்கும் விடை காண, சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மலைக்கு வந்த காசுகள்

மலையகத்துக்குக் காசு பல வழிகளில் வந்தது. கண்டி மன்னர் காலத்தில் வளைந்த வெள்ளிக் காசும், மன்னர் மட்டுமே அடிக்கக்கூடிய சிறு பணமும் புழங்கின. அந்தப் பணத்தை வேறு யாரேனும் அடித்தால் மரண தண்டனை என்கிறார் நொக்ஸ். பிரித்தானியர் 1821-இல் யானை பொறித்த வெள்ளி ரிக்ஸ் டொலரை வெளியிட்டனர். 1870 என்ற ஆண்டு பொறித்த செப்புச் சதக் காசுகள் வந்தன. நூறு சதம் ஒரு ரூபா என்ற கணக்கு 1872-இல் நடைமுறைக்கு வந்தது. 1892 முதல் 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் அடிக்கப்பட்டன.

ஆனால் தோட்டங்களில் முழு ரூபா என்றால் இந்திய வெள்ளி ரூபாதான். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் கைக்குக் கங்காணி வழியாக வந்த சம்பளமும், ஊருக்குத் திரும்பும்போது முடிந்து கொண்டுபோன சேமிப்பும் அதுவே. மலைத் தோட்டங்களின் கோப்பி கொழும்பு ஆலைகளுக்கு வண்டியில் இறங்கியது. அங்கே கொட்டை பிரித்த பெண்களுக்குச் செய்த வேலையின் அடையாளமாக ஆலைகள் செப்பு, பித்தளை வில்லைகளைக் கொடுத்தன. வேகந்த ஆலையின் பெயரோடு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனம் வெளியிட்ட வில்லை அவற்றுள் ஒன்று. 1869-இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது, வில்லைகள் மறைந்தன. லௌஸ்லி 1895-இலும், எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924-இலும் இலங்கைக் காசுகளை வரிசைப்படுத்தி எழுதினார்கள். கொட்றிங்டனின் நூல் இன்றைக்கும் சேகரிப்பாளர்களின் அடிப்படை நூல்.

எண் எங்கிருந்து வந்தது?

நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரையான எண்ணால் குறிப்பதை 1949-இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் தொடங்கினார். பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளின் விலையைக் கணக்கிட அவர் வகுத்த முறை அது. பிறகு எல்லா நாணயங்களுக்கும் பரவியது. நீண்ட காலம் விற்பவரே தரம் சொல்லி விற்றார். தான் விற்கும் காசைத் தானே புகழ்வதில் உள்ள ஆபத்து வெளிப்படையானது. அந்த ஆபத்துக்கு மாற்றாகத்தான் 1986-இல் பி.சி.ஜி.எஸ், 1987-இல் என்.ஜி.சி ஆகிய நிறுவனங்கள் அமெரிக்காவில் பிறந்தன. காசை அவர்களுக்கு அனுப்பினால், அசலா என்று சோதித்து, எண் கொடுத்து, திறந்தால் தெரிந்துவிடும் உறையில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

விரைவில் அந்த எண்ணிலேயே சந்தேகம் வந்தது. ஒரே எண் பெற்ற இரண்டு காசுகளில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கலாகவும் இருந்தது. உறையை உடைத்து மறுபடி அனுப்பியவர்களுக்குச் சில வேளை வேறு எண் கிடைத்தது. பி.சி.ஜி.எஸ் தன் தரப்படுத்தலின் சீர்மையை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1990-இல் நடவடிக்கை எடுத்தது. அது உடன்பாட்டில் முடிந்தது. 2007-இல் ஜோன் அல்பனீஸ் சி.ஏ.சி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஏற்கெனவே உறையிலிடப்பட்ட அமெரிக்க நாணயங்களை அது மறுபடி பார்க்கும். கொடுத்த எண்ணுக்கு உறுதியாகத் தகுதியானது என்றால் பச்சை ஸ்டிக்கரும், அந்த எண்ணையே மிஞ்சியது என்றால் பொன்னிற ஸ்டிக்கரும் உறையின் மேல் ஒட்டப்படும். சான்றுக்கு ஒரு சான்று என்ற நிலை இப்படித்தான் உருவானது.

[பெட்டி] எழுபது படிகள்

• 1: எந்தக் காசு என்று மட்டும் அடையாளம் தெரியும் அளவுக்குத் தேய்ந்தது.
• 60-க்குக் கீழ்: புழக்கத்தில் தேய்ந்த காசுகள். எண் கூடக் கூடத் தேய்மானம் குறைவு.
• 60 முதல் 70 வரை: புழங்காத காசுகள். கீறல், மினுக்கம், அச்சின் கூர்மை ஆகியவற்றால் எண் மாறும்.
• எண் இல்லாத சான்று: காசு அசல், ஆனால் துலக்கியது, ஓட்டையிட்டது, பற்றவைத்தது என்று குறிப்பிட்டு உறையிலிடப்படும்.

மூன்று கேள்விகள், மூன்று விடைகள்

சான்று மதிப்புள்ளதா என்று ஒரே மூச்சில் கேட்டால் விடை கிடைக்காது. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, இது அசலா? இங்கே மூன்றாம் தரப்பின் பங்கு மிகப் பெரியது. போலிக்கு எந்த எண்ணும் பொருந்தாது. அசல் என்று ஒரு நிறுவனம் சொல்லி, தவறினால் ஈடு தருவதாகப் பொறுப்பேற்பது வாங்குபவருக்கு உண்மையான காப்பு. அந்தக் காப்புக்கும் எல்லை உண்டு. பண்டைய நாணயங்களைப் பொறுத்தவரை என்.ஜி.சி தன் கருத்தைச் சொல்கிறதே தவிர, அசல் என்று உத்தரவாதம் தருவதில்லை. பழங்காலக் காசு வாங்குபவர் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

இரண்டாம் கேள்வி, எந்த நிலையில் இருக்கிறது? இங்கே சான்று பயனுள்ள கருத்து, ஆனால் கருத்துத்தான். தேய்மானத்தைப் பழகிய கண்ணால் எவரும் ஓரளவு மதிப்பிடலாம். துலக்கியதையும் பற்றவைத்ததையும் கண்டுபிடிக்கத்தான் நிபுணர் வேண்டும்.

மூன்றாம் கேள்வி, கொடுத்த எண் சரியா? சி.ஏ.சி ஸ்டிக்கர் பதில் சொல்வது இதற்குத்தான். ஒரு படி கூடினால் விலை பல மடங்காகும் உயர்தர அமெரிக்க நாணயங்களில் அந்தப் பதிலுக்குப் பணப் பெறுமதி உண்டு. தோட்டத்து வீட்டில் கிடக்கும் தேய்ந்த ரூபாவுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

தேயிலை மேசையில் பழகிய பாடம்

இந்தப் பிரிப்பு மலையகத்துக்குப் புதிதல்ல. பி.ஓ.பி, பி.ஓ.பி.எஃப் என்ற தேயிலைத் தரப் பெயர்கள் இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்கின்றன. சுவையைச் சொல்வதில்லை. ஒரே பெயருள்ள இரண்டு தோட்டத் தேயிலைகள் ஏலத்தில் வெவ்வேறு விலைக்குப் போகும். 1883-இல் கொழும்பில் தொடங்கிய ஏலத்தில், தோட்டம் அனுப்பும் மாதிரியைத் தரகர் சுவைத்து மதிப்பிடுகிறார். வாங்குபவர் அந்த மதிப்போடு நிற்பதில்லை. தமக்குக் கிடைத்த மாதிரியை ஊற்றித் தாமே சுவைத்த பிறகுதான் விலை கேட்கிறார். தரப் பெயர், தரகர் மதிப்பு, தன் நாக்கு என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு முடிவு. நாணயத்திலும் உறையின் எண், இரண்டாம் நிபுணரின் கருத்து, வாங்குபவரின் சொந்தப் பார்வை என்ற மூன்றும் வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து நாணயம் வாங்குவது, சாக்கில் எழுதியதைப் பார்த்துத் தேயிலை வாங்குவதற்குச் சமம்.

முத்திரையும் போலியாகும்

உறையைப் போலி செய்வது காசைப் போலி செய்வதைவிடக் கடினமல்ல. பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி உறைகளைப் போலவே செய்த போலி உறைகள் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன. அவற்றில் சில, உண்மையான ஒரு நாணயத்தின் சான்றிதழ் இலக்கத்தையே திருடிப் போட்டவை. இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடினால் "உண்டு" என்றே பதில் வரும். ஆகவே இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அங்குள்ள படத்தில் இருக்கும் கீறலும் கறையும் கையிலிருக்கும் காசிலும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும்.

உலோகச் சோதனை ஒன்றே போதும் என்ற நம்பிக்கையும் பொய்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியிலும் லெபனானிலும் அடிக்கப்பட்ட போலிப் பவுண்களில் தங்கம் சரியாகவே இருந்தது. உரைகல்லும் தராசும் அவற்றைப் பிடிக்கவில்லை. தங்கத்தின் விலைக்கு வாங்கியவருக்கு நட்டமில்லை. அரிய ஆண்டுப் பவுண் என்று கூடுதல் விலை கொடுத்தவர்தான் ஏமாந்தார். போலிகளின் பெருக்கத்துக்கிடையே, 1957-இல் பிரித்தானிய அரச நாணயசாலை பவுண் அடிப்பதை மீண்டும் தொடங்கியது.

இன்னும் கொடியது, சோதனையையே நாடகமாக்கும் மோசடி. தமிழ்நாட்டில் "ரைஸ் புல்லர்" என்றும் "இரிடியம் கலசம்" என்றும் சொல்லிப் பழைய செம்பையும் காசையும் கோடிக்கு விலை பேசும் கூட்டங்கள் பலமுறை பிடிபட்டுள்ளன. அரிசியை இழுக்கும் சக்தி அதற்கு உண்டு என்பார்கள். பரிசோதிக்க "விஞ்ஞானி" வருவார், சோதனைக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்பார். 2018-இல் டெல்லியில் ஒரு தொழிலதிபரிடம் இப்படி 1.43 கோடி ரூபாய் பறித்த தந்தையும் மகனும் கைதானார்கள். கதிர்வீச்சுத் தடுப்பு உடை வரை நாடகம் நடந்தது. இலங்கையில் வலம்புரிச் சங்கும் கஜமுத்தும் இதே கதையோடு விற்கப்படுகின்றன. 2021 ஓகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கி, தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களை வாங்குவதாகக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. மோசடிக்காரர் விற்கும் சரக்கு காசல்ல. மூன்றாம் தரப்பின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையைத்தான் அவர் விற்கிறார். வாங்குபவரோ விற்பவரோ கூட்டிவரும் ஆள் மூன்றாம் தரப்பு அல்ல.

[பெட்டி] இந்திய வெள்ளி ரூபா: எடையும் உலோகமும்

• 1862 முதல் 1939 வரை: 11.66 கிராம், வெள்ளி 91.7 வீதம்.
• 1940 முதல் 1945 வரை: வெள்ளி 50 வீதம் மட்டுமே.
• 1947: நிக்கல் ரூபா. வெள்ளி இல்லை, காந்தத்தில் ஒட்டும்.
• 1862 என்ற ஆண்டைப் பொறித்தே 1874 வரை ரூபா அடிக்கப்பட்டது. பழைய ஆண்டு என்பதால் மட்டும் அது அரியதாகிவிடாது.
• வெள்ளி ரூபா காந்தத்தில் ஒட்டினால் அது போலி. ஒட்டாததால் மட்டும் அசல் ஆகிவிடாது.

விற்பவருக்குத்தான் கூடுதல் இழப்பு

சான்று பற்றிய பேச்செல்லாம் வாங்குபவரைச் சுற்றியே நடக்கிறது. மலையகத்தில் பெரிய இழப்பு விற்பவருக்குத்தான். பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்த வெள்ளி ரூபா, கல்யாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ வெளியே வருகிறது. அடகுக் கடையும் வங்கியும் நகையைத் தங்கமாக எடை போடும். பழைய வெள்ளி எடுக்க லயத்துக்கு வருபவர் காசை வெள்ளியாக எடை போடுவார். ஒரு முழு ரூபாவில் இருப்பது ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி. பொதுவான ஆண்டுக் காசு என்றால் அந்த விலையில் பெரிய அநியாயமில்லை. ஆனால் அந்த மூட்டைக்குள் அரிய ஆண்டு, அரிய நாணயசாலைக் குறி, யாருக்கும் தெரியாத ஒரு கோப்பி வில்லை இருந்தால், அதன் வேறுபாடு முழுவதும் வாங்கியவரின் பைக்குப் போகிறது. உருக்குப் பானைக்குப் போய்விட்டால் அந்த வேறுபாடு யாருக்கும் இல்லை. கோப்பி ஆலையில் வேலை செய்த பெண்களின் கூலிக்கு மிஞ்சிய சாட்சிகளில் ஒன்றும் அதோடு அழிகிறது.

இரண்டாவது இழப்பு அன்போடு செய்யப்படுவது. காசு மாலைக்காக வளையம் பற்றவைத்த ரூபாவுக்கும் பவுணுக்கும் தரப்படுத்தும் நிறுவனங்கள் எண் கொடுப்பதில்லை. வளையத்தைக் கழற்றினாலும் பற்றவைத்த தழும்பைக் குறிப்பிட்டே அடைப்பார்கள். அதைவிட வருந்தத்தக்கது, விற்பதற்கு முதல் நாள் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது. நூறு ஆண்டுகளாகப் படிந்த மேற்பூச்சு ஒரு நிமிடத்தில் போய்விடும், சேகரிப்பாளர் தரும் விலையும் அதோடு போகும். காசைப் பளபளப்பாக்க நினைப்பவர் அதன் மதிப்பைத்தான் தேய்க்கிறார்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் சட்டம்

தரப்படுத்தும் பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் தொடங்கியவை. காசை அங்கே அனுப்புவது சட்டப்படி ஏற்றுமதி. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2-க்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. அந்த நாளுக்கு முந்திய காசைத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த தொல்பொருள் அரசுக்கு உரியது, கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். ஆக, நொக்ஸ் பார்த்த வளைந்த வெள்ளிக் காசைத் தரப்படுத்த வெளிநாட்டுக்கு அஞ்சலில் போடுபவர் குற்றவாளியாகலாம். 1821 ரிக்ஸ் டொலரும் விக்டோரியா ரூபாவும் இந்தக் கால எல்லைக்கு அப்பால் வருபவை.

உள்ளூர்க் காசுகளுக்கு வெளிநாட்டு எண்ணின் பயனும் குறைவு. கோப்பி வில்லை போன்றவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கக் காசுகளே சொற்பம். 40, 50 என்ற எண்ணைவிட, எந்த ஆலையுடையது, எந்த வகை, நூலில் பதிவாகியிருக்கிறதா என்ற விடைகளே விலையைத் தீர்மானிக்கும். அதற்குரிய மூன்றாம் தரப்பு, கொட்றிங்டனைப் படித்துப் பழகிய இலங்கை நாணயவியலாளர்களே.

செலவுக் கணக்கு

தரப்படுத்தும் கட்டணம், போக வர அஞ்சல், காப்புறுதி, சுங்க நடைமுறை எல்லாம் சேர்ந்தால் ஒரு நாணயத்துக்குப் பல்லாயிரம் ரூபா ஆகும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. சான்றின் செலவு என்பது அந்தக் குடும்பத்துக்குப் பல நாள் கொழுந்து. காசின் விலையே அந்தச் செலவை எட்டாவிட்டால் சான்று வீண். விலை அந்தச் செலவைப் போலப் பல மடங்கு என்று உள்ளூர் நிபுணர் சொன்னால் மட்டுமே அனுப்புவதில் பொருளுண்டு. வாங்குபவருக்கும் இதே அளவுகோல்தான். வெள்ளி விலையை ஒட்டி விற்கும் காசுக்கு உறைக்கென்று தனிப்பணம் கொடுக்க வேண்டியதில்லை. அரியது என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும்போது, சரிபார்க்கக்கூடிய சான்றில்லாமல் பணம் எண்ணக்கூடாது.

[பெட்டி] கை மாறும் முன்

• 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை பாருங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள்.
• இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள்.
• துலக்காதீர்கள், உரசாதீர்கள், வளையம் வைக்காதீர்கள்.
• வீட்டு வாசலில் அன்றைக்கே விலை பேசி முடிக்காதீர்கள். ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இருவரிடமாவது கேளுங்கள்.
• சுற்றுலா இடங்களில் "மண்ணுக்குள் கிடைத்தது" என்று நீட்டப்படும் காசு போலியாக இருக்கலாம். அசலாக இருந்தால் சட்டச் சிக்கல் வரும்.
• உறையிட்ட காசென்றால் இலக்கத்தோடு படத்தையும் ஒப்பிடுங்கள்.
• புதிய ஞாபகார்த்த நாணயம் வேண்டுமென்றால் இலங்கை மத்திய வங்கியின் விற்பனையையே முதலில் பாருங்கள்.
• சோதனைக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

தீர்ப்பு

மூன்றாம் தரப்புச் சான்று அவசியம், ஆனால் எல்லாக் காசுக்கும் அல்ல, எல்லாக் கேள்விக்கும் அல்ல. அசலா போலியா என்று தெரிந்துகொள்ள அது விலைமதிப்பற்றது. நிலையைச் சொல்லும் எண் உதவி மட்டுமே. அந்த எண்ணுக்கு மேல் ஒட்டும் ஸ்டிக்கர் உயர்விலை அமெரிக்க நாணயச் சந்தைக்குரியது. மலையக வீட்டுக்கு இன்று தேவைப்படுவது புளோரிடாவிலோ கலிபோர்னியாவிலோ அடைத்த உறை அல்ல. விற்பதற்கு முன் காசைப் பார்த்து, இது பொதுவானது, இது அரியது, இதை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று கட்டணமும் ஆதாயமும் இல்லாமல் சொல்லும் ஒரு நேர்மையான கண்தான் தேவை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள பாடசாலைகளும் நூலகங்களும் நாணயவியலாளர்களை அழைத்து, ஆண்டுக்கு ஒரு நாளாவது அத்தகைய முகாமை நடத்தலாம். மக்கள் தங்கள் பெட்டிகளைத் திறந்து காட்டுவார்கள். அதுவரை மலையக வாசகர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: எடை பார்க்காமல், படமெடுக்காமல், இரண்டாவது ஆளிடம் கேட்காமல், பாட்டியின் ஒரு காசையும் விற்காதீர்கள்.